மானுக்குப் பிணை: சீறாவின் வேடனை முன்வைத்து

சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் உள்ள 'மானுக்குப் பிணை நின்ற படலம்' பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் பெரும்பாலும் மூன்று செய்திகளையே எடுத்துக்கொள்கின்றனர். மான் பேசியது, தாய்மை கசிந்தது, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கருணை வெளிப்பட்டது. மூன்றும் உண்மையே. ஆனால் அப்படலத்தில் இன்னொருவன் இருக்கிறான். காட்டையும் மலையையும் கடந்து, மானைப் பிடித்து, கட்டி வைத்திருக்கும் வேடன். உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் அவனைக் கல்நெஞ்சன் என்று தொடங்கி, கலிமாச் சொன்னவன் என்று முடித்து, இடையில் அவன் பேசியதைக் கேளாமலே கடந்துவிடுகின்றனர். அந்த வேடனின் தொழிலறிவை எடுத்துவிட்டால் அப்படலத்தில் அற்புதமே இல்லை என்பது இக்கட்டுரையாளனின் கருத்து.

கதை அனைவரும் அறிந்தது; சுருக்கமாகச் சொன்னால் போதும். அண்ணலார் தோழர்களோடு செல்லும் வழியில், வேடன் ஒருவனால் பிணிக்கப்பட்ட பெண்மானைக் காண்கின்றனர். மான் அவர்களை அழைத்துத் தன் கன்றின் நிலையைச் சொல்கிறது. பாலூட்டிவிட்டுத் திரும்புவதாக வாக்களிக்கிறது. அண்ணலார் வேடனிடம் மானுக்காகத் தாமே பிணையாக நிற்பதாகக் கூறுகின்றனர். காட்டில் பிடித்த மானை அவிழ்த்துவிட்டால் அது மீண்டும் வருமா என்று வேடன் நகைக்கிறான், பின் இசைகிறான். மான் தன் இனத்தைச் சேர்ந்து கன்றுக்குப் பால் கொடுக்கிறது. திரும்பிப் போகாதே என்று இனம் தடுக்கிறது. மான் மறுத்து, கன்றும் உடன்வர, வேடனிடம் வந்து நிற்கிறது. வேடன் ஈமான் கொள்கிறான்.

இப்படலத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, இதன் மூலமான ஹதீஸ் பலவீனமானது, ஆகவே படலத்தையே மூடி வைத்துவிடலாம் என்கிறது. மற்றது, காப்பியத்தில் ஹதீஸ் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கிறது. முதற்கட்சியினரின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணலாரின் பெயரால் சொல்லப்படும் எதற்கும் அறிவிப்பாளர் தொடரைக் கேட்பது இந்தச் சமுதாயத்தின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் தொடரை ஆராய்ந்து தீர்ப்புச் சொன்ன பிறகும் செய்தியைப் படிக்க வேண்டிய கடமை எஞ்சுகிறது. இரு கட்சியினரும் அதைச் செய்வதில்லை. அரபு மூலங்களையும் உமறுவின் பாடல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உமறு எதைப் பெற்றார், எதைப் படைத்தார் என்பது விளங்கும்.

மான் சம்பவம் ஒரே அறிவிப்பாக வரவில்லை. உம்மு ஸலமா (ரலி), ஸைத் இப்னு அர்கம் (ரலி), அபூ ஸயீதுல் குத்ரீ (ரலி), அனஸ் (ரலி) ஆகியோர் வாயிலாகத் தபரானீ (ஹி. 360), அபூ நுஐம் (ஹி. 430), பைஹகீ (ஹி. 458) முதலிய இமாம்களின் நூல்களில் வருகிறது. காழீ இயாழ் (ஹி. 544) தம் 'அஷ்ஷிஃபா'வில் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பைச் சேர்த்துள்ளார். இவற்றின் தொடர்களில் பலவீனமானவர்கள் இருப்பதை ஹைஸமீ (ஹி. 807) மறைக்காமல் சொல்கிறார். மான் சலாம் உரைத்ததாக மக்கள் நாவிலும் நபிப்புகழ்ப் பாடல்களிலும் வழங்கும் செய்திக்கு அடிப்படையே இல்லை என்று இப்னு கஸீர் (ஹி. 774) கூறியதை ஸகாவீ (ஹி. 902) தம் 'அல்மகாஸிதுல் ஹஸனா'வில் எடுத்தெழுதுகிறார். எழுதிவிட்டு, ஆயினும் மான் பேசியது குறித்த அறிவிப்புகள் பல, ஒன்றையொன்று வலுப்படுத்துபவை, தம் ஆசிரியர் இப்னு ஹஜர் (ஹி. 852) அவற்றைத் தொகுத்துக் காட்டியுள்ளார் என்றும் சேர்க்கிறார். முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவோரும் பிற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவோரும் ஸகாவீயைப் பாதியே படித்தவர்கள்.

நமக்கு வேண்டியது இவ்வறிவிப்புகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு. உம்மு ஸலமா (ரலி) அறிவிப்பில் மானின் சொந்தக்காரனான கிராமவாசி உறங்கிக்கொண்டிருக்கிறான். மான் தன் இரு குட்டிகளைச் சொல்லி அவகாசம் கேட்கிறது; திரும்பாவிட்டால் சுங்கம் பிடுங்குவோனுக்கு உள்ள தண்டனை தனக்குக் கிடைக்கட்டும் என்று சத்தியம் செய்கிறது. (கப்பல் வணிகம் செய்த கீழக்கரைப் பெருமக்கள் இந்தச் சத்தியத்தின் கனத்தை நன்கு உணர்ந்திருப்பார்கள்!) அது போய் வந்து மீண்டும் கட்டப்பட்ட பிறகுதான் அவன் விழிக்கிறான். ஸைத் (ரலி) அறிவிப்பில் மான் தன் மடியில் பால் இறுகிவிட்டதையும், பிடித்தவன் தன்னை அறுத்து ஓய்வு தருவதுமில்லை, விட்டுவிடுவதுமில்லை என்பதையும் முறையிடுகிறது. தண்ணீர்த் துருத்தியோடு வரும் சொந்தக்காரனிடம் அண்ணலார் மானை விலைக்குக் கேட்கின்றனர். அபூ ஸயீத் (ரலி) அறிவிப்பில் அண்ணலார் முதலில் சொல்வதே இது ஒரு கூட்டத்தார் வேட்டையாடியது, அவர்கள் கட்டி வைத்தது என்பதுதான். அதைச் சொல்லிய பின்னரே மானிடம் சத்தியம் வாங்குகின்றனர்.

அனஸ் (ரலி) அறிவிப்பில் மானைப் பிடித்தவர்கள் விழித்தே இருக்கிறார்கள். அவிழ்த்துவிடுங்கள், பாலூட்டி வரட்டும் என்றதும், அதற்கு எங்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். அண்ணலாரின் விடை அரபியில் ஒரே சொல்: நான்.

இந்த ஒரு சொல்லே உமறுவின் படலமாக விரிந்திருக்கிறது. ஸதகத்துல்லாஹ் அப்பா அவர்களின் அனுமதியால் உமறு அரபு மூலச் செய்திகளைப் பெற்றார் என்பது வழிவழி வரும் வரலாறு. எந்தக் கிதாபிலிருந்து எந்த அறிவிப்பு அவருக்குச் சொல்லப்பட்டது என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. படலத்தின் கட்டமைப்பே சான்று. உறங்கும் கிராமவாசி இங்கே இல்லை. விழித்திருந்து, கேள்வி கேட்டு, வழக்காடும் ஒருவன் இருக்கிறான். கதையின் முடிச்சு மானின் சத்தியத்தில் விழவில்லை. மூன்றாமவர் ஒருவர் ஏற்கும் பொறுப்பில் விழுகிறது.

இம்மாற்றத்தை ஃபிக்ஹுக் கண்ணோடு பார்ப்பவர்கள் இன்னொன்றையும் காண்பார்கள். உறங்குபவனின் உடைமையை அவனறியாமல் அவிழ்த்துவிடுவது, நபியவர்களின் தனிச்சிறப்பு என்று விளக்கினாலன்றி, சட்ட மாணவனின் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பும். வேட்டைப் பிராணி யாருக்குச் சொந்தம்? உயிரோடு கைக்கொண்டவனுக்கு, ஓடவொட்டாமல் வீழ்த்தியவனுக்கு, வேட்டைக்கென விரித்த வலையில் விழுந்ததாயின் வலை விரித்தவனுக்கு என்று இமாம் நவவீ (ஹி. 676) தம் 'மின்ஹாஜு'த் தாலிபீனில் வகுக்கிறார். அவ்வாறு உடைமையான பிராணி தப்பி ஓடினாலும் உடைமை நீங்காது. உரியவனே விட்டுவிட்டாலும் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றுப்படி நீங்காது. கீழக்கரை ஷாஃபிஈ ஊர். அங்கே வளர்ந்த கல்வி மரபின் நிழலில் எழுதப்பட்ட படலத்தில், மான் தன் கூட்டத்தின் நடுவே கன்றை நக்கிக்கொண்டு நிற்கும்போதும் அது வேடனின் மான்தான். அதன் இனத்தார் சொல்லும் 'தப்பிவிட்டாய்' என்ற வாதம் காட்டில் செல்லும்; கிதாபில் செல்லாது. உமறு சட்டநூல் எழுத வரவில்லை. ஆயினும் வேடனின் உரிமையைச் சிறிதும் குறைக்காமல் கதையை நடத்துகிறார். கருணையை உயர்த்திக் காட்ட வேடனைத் திருடனாக்கிவிடுவது எளிய வழி. அதில் அவர் இறங்கவில்லை.

வேட்டை நம் மார்க்கத்தில் ஆகுமானது. அல்மாயிதா அத்தியாயம் இஹ்ராமில் இருப்போருக்கு அதை விலக்குவதன் மூலமே மற்றவர்க்கு அதன் அனுமதியை உறுதிப்படுத்துகிறது. தை குலத்து அதிய்யு இப்னு ஹாதிம் (ரலி) தம் வேட்டையைப் பற்றிக் கேட்ட கேள்விகளும் பெற்ற விடைகளும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளன. அவை வெறும் ஹலால் ஹராம் பட்டியல் அல்ல. வேட்டைத் தொழிலின் உள்விவரம் அறிந்த உரையாடல். பிஸ்மில்லாஹ் சொல்லி ஏவிய பழக்கிய நாய் பிடித்ததை உண்ணலாம். நாயே அதில் வாய்வைத்துத் தின்றிருந்தால், அது தனக்காகப் பிடித்தது, உண்ணலாகாது. வேறு நாய் சேர்ந்திருந்தாலும் விட்டுவிட வேண்டும். அம்பு பட்டு மறைந்த பிராணி மறுநாள் கிடைத்து, அதில் உன் அம்பின் காயம் தவிர வேறில்லை என்றால் உண். நீரில் விழுந்து கிடந்தால் உண்ணாதே, கொன்றது நீரா அம்பா என்று நீ அறியாய். அடர்ந்த காட்டில் வேட்டையாடிய எவனும் இந்த நுட்பத்தை உணர்வான். திறந்த வெளியில் அடிபட்ட விலங்கு கண்முன்னே விழும். புதர்க்காட்டிலோ அது நூறு அடிக்குள் மறைந்துவிடும். இரத்தத் துளியையும் ஒடிந்த தழையையும் பார்த்துப் பின்தொடர வேண்டும். கிடைக்கும்போது அதைக் கொன்றது எது என்று தெரியாமற்போகும். 'நீ அறியாய்' என்னும் அந்தக் காரணம் சட்டத்துக்கும் காட்டுக்கும் பொதுவானது.

இங்கே நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரபியில் ளப்யு, கஸால் என்னும் சொற்கள் குறிப்பது பாலையிலும் வறண்ட சமவெளியிலும் வாழும் சிறுமானை. அதன் கொம்பு உதிர்வதில்லை. கிளைக்கொம்பு உதிர்ந்து முளைக்கும் காட்டு மானுக்கு அரபியில் இய்யல் என்று வேறு பெயருண்டு. திறந்த நிலத்து மானைக் கண்ணால் கண்டு, விரைவால் வெல்ல வேண்டும். ஆகவே அரபு வேட்டைக் கவிதை விரைவின் கவிதையாக வளர்ந்தது. இம்ருல் கைஸின் குதிரை, அப்பாஸியர் காலத்து அபூ நுவாஸின் வேட்டை நாய்களும் பருந்துகளும், கி.பி. பத்தாம் நூற்றாண்டில் குஷாஜிம் எழுதிய வேட்டை நூல் எல்லாம் இவ்வழியில் வந்தவை. புதர்நில வேட்டையும் அரபு எழுத்தில் இல்லாமலில்லை. ஷைஸர் கோட்டையின் உஸாமா இப்னு முன்கிஸ் (1095-1188) தம் முதுமையில் எழுதிய 'கிதாபுல் இஃதிபா'ரின் இறுதிப் பகுதி வேட்டை நினைவுகளே. ஊருக்குத் தெற்கே மலை, மேற்கே ஆற்றங்கரை நாணற்காடு என இரு வேட்டைக் களங்களை அவர் விவரிக்கிறார். நோன்பு, குர்ஆன் பிரதி எடுத்தல், வேட்டை ஆகிய மூன்றிலும் தம் தந்தை நாட்களைக் கழித்ததையும் சொல்கிறார். வேட்டையைத் தொடர்பவன் மறதியாளனாகிறான் என்று அபூதாவூது, திர்மிதீ நூல்களில் வரும் எச்சரிக்கையைத் தெரிந்தே அந்தப் பெரியவர் இப்படி வாழ்ந்திருக்க வேண்டும்.

மரமடர்ந்த நாட்டில் விரைவு பயன்படாது. அங்கே மானை வெல்வது பொறுமை. காற்று தன் முகத்தில் படும்படியே வேடன் நகர வேண்டும். முதுகில் பட்டால் அவன் வாடை அவனுக்கு முன்னே போய்ச் சேரும். மானின் கண் அசைவைப் பிடிக்கும். அசையாத உருவை எளிதில் பிரித்தறியாது. ஆதலால் காலெடுத்து வைப்பதைவிட நிற்கத் தெரிவதே பெரிய வித்தை. விடியலிலும் அந்தியிலும் மேய வரும், நடுப்பகலில் நிழற்செறிவில் படுத்து அசைபோடும், நீர்த்துறைக்கும் உப்பு மண்ணுக்கும் பழகிய தடத்திலேயே வரும். இவற்றை அறிந்தவன் ஓடுவதில்லை. தடத்தில் வலை கட்டிக் காத்திருக்கிறான். உமறுவின் மான் காயமின்றி, உயிரோடு, கட்டுண்டு நிற்கிறது. அம்பாலும் நாயாலும் பிடிபட்ட மான் அப்படி நிற்காது. அரபு நாட்டையே தமிழ் நிலமாக்கிப் பாடியவர் உமறு. வேட்டையையும் அவ்வாறே தமிழ்க் காட்டு வேட்டையாக்கிவிட்டார்.

தமிழ் வேட்டுவர் கையாண்ட இன்னொரு கருவி 'பார்வை'. காட்டு மானைக் கவர்வதற்காகப் பழக்கிக் கட்டி வைக்கும் மானுக்குச் சங்கப் புலவர்கள் வழங்கிய பெயர் அது. முகலாயர் காலத்திலும் பழக்கிய கலைமானின் மேல் வலையிட்டு அனுப்பி, எதிர்த்து வரும் காட்டுக்கலையைச் சிக்கவைத்ததை 'ஆயினே அக்பரீ' விவரிக்கிறது. புறநானூற்றின் 320ஆம் பாட்டில் இந்தப் பார்வை மான் வருகிறது. வீட்டு முற்றத்துக் கொடி நிழலில் வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். கட்டியிருந்த பெண்மானோடு காட்டுக் கலை ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. அதைக் கண்ட அவன் மனைவி, கணவன் விழித்துவிடுவான் என்றும் கலை வெருண்டோடும் என்றும் அஞ்சி அசையாதிருக்கிறாள். உறங்கும் வேடனும் கட்டுண்ட பெண்மானும் அருகில் நின்று இரங்கும் ஒருவரும் உம்மு ஸலமா (ரலி) அறிவிப்பிலும் உள்ளனர். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று சொல்ல வரவில்லை. ஆனால் தமிழ் மரபில் எழுத வந்த புலவருக்கு உறங்கும் வேடன் எவ்வளவு வசதியாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான் என்பதை இது காட்டுகிறது. உமறு அவனை எடுக்கவில்லை; விழித்திருப்பவனையே எடுத்தார். இரக்கம் அவன் உறக்கத்தில் நடந்தேறக் கூடாது, அவன் சம்மதத்தோடு நடக்க வேண்டும் என்பது அத்தேர்வின் உட்பொருள்.

இனி வேடனின் நகைப்புக்கு வருவோம். முள் நிறைந்த காட்டிலும் மலையிலும் அலைந்து பிடித்த மானை விட்டால் வருமா என்று அவன் கேட்பதை அறியாமையின் கேள்வி என்றே உரைகள் கொள்கின்றன. அது தேர்ந்த அறிவின் கேள்வி. மான் பெறும் கன்று முதல் நாட்களில் தாயோடு அலைவதில்லை. புல்லிலும் புதரிலும் அசைவற்றுக் கிடக்கும். தாய் விலகி மேய்ந்து, வேளைக்கு வந்து பால் தரும். தாய் வராவிட்டால் கன்று பாலின்றிச் சாகும். படலத்து மானின் பதைப்பு புலவரின் கற்பனையன்று, அதன் இயற்கை. இதை அறிந்த கொடிய வேட்டைக்காரர் தாயைத் தேடி அலைவதில்லை. கன்று கிடக்கும் இடத்தைக் கண்டு காற்றுக்கு எதிர்த்திசையில் அமர்ந்துவிடுவார்கள். தாய் எப்படியும் வரும். ஆக மான் திரும்பி வரும் விலங்குதான். ஆனால் கன்றிடம் திரும்பும், கயிற்றிடம் திரும்பாது. ஒருமுறை வாடை பிடித்த தடத்தைக்கூட மான் நாள்கணக்கில் தவிர்க்கும். வேடன் தன் வாழ்நாள் அனுபவம் முழுவதையும் வைத்து மறுக்கிறான். அவன் மறுப்பு எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் அற்புதத்தின் உயரம். காடறியாத ஒருவன் முன் மான் திரும்பி வந்திருந்தால் அவன் பழகிய மான் போலும் என்று போயிருப்பான். இவனோ கன்றையும் கூட்டிக்கொண்டு வரும் தாயைக் காண்கிறான். அரபு அறிவிப்புகளில் குட்டிகள் மலையிலேயே தங்கிவிடுகின்றன. கன்றை உடன் வரச் செய்தது தமிழ்க் கவிஞர். தான் பிடித்தபோது காணாத கன்று, வலையின்றி நாயின்றித் தன் காலடிக்கு வந்து நிற்பதை வேட்டைக்காரன் ஒருவனால்தான் முழுதும் வியக்க முடியும்.

படலத்தின் தலைப்பிலேயே ஒரு சொல்வளம் ஒளிந்திருக்கிறது. பிணை என்றால் ஜாமீன். பிணை என்றால் பெண்மான். புல்வாய், நவ்வி, உழை முதலியவற்றின் பெண்ணுக்குப் பிணை என்ற பெயரைத் தொல்காப்பியத்தின் மரபியல் விதித்துள்ளது. அவற்றின் இளமைக்கு மறி என்கிறது. பிணைத்தல் கட்டுதலுமாகும். கட்டுண்டதும் பிணை, கட்டுக்கு ஈடாக நிற்பதும் பிணை. அரபியில் ளப்யாவுக்கும் கஃபாலாவுக்கும் ஒலியாலோ வேராலோ உறவில்லை. இந்தக் கதையைத் தமிழ் தன் சொல்லுக்குள்ளேயே முன்கூட்டி வைத்திருந்ததுபோல் தோன்றுகிறது. (ஜாமீன் என்று நாம் நீதிமன்ற வாசலில் வழங்கும் சொல், பொறுப்பேற்பவரைக் குறிக்கும் ளாமின் என்ற அரபுச் சொல் பாரசீகத்தின் வழி வந்தது என்பதையும் இங்கே நினைக்கலாம்.) பிணை 'நின்ற' என்ற வினையும் கருதத்தக்கது. வாக்குக் கொடுத்துவிட்டு அண்ணலார் போய்விடவில்லை. மான் வரும்வரை வேடனோடு அங்கேயே இருக்கின்றனர். மான் கட்டுண்டு நின்ற இடத்தில் அதன் பொருட்டு மனிதருள் மேலானவர் நிற்கிறார்.

வாக்குத் தவறாது மீளும் விலங்கின் கதை பிறரிடமும் உண்டு. கன்னட நாட்டில் புண்ணியகோடி என்னும் பசு, கன்றுக்குப் பாலூட்டிவிட்டுப் புலியிடம் திரும்பும் கதைப்பாடலாக வழங்குகிறது. சிவராத்திரிக் கதையிலும் வேடனிடம் தவணை கேட்டுச் சென்ற மான்கள் மீண்டு வருகின்றன. இவற்றைக் காட்டி, உமறு இந்நாட்டுக் கதைக்கு இஸ்லாமியப் போர்வை போர்த்தினார் என்று சொல்வது தவறு. அவர் பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே தபரானீயும் பைஹகீயும் இதைப் பதிவு செய்துவிட்டனர். வேறுபாடும் வெளிப்படையானது. அக்கதைகளில் விலங்கின் சத்தியம் விலங்கையே கட்டுகிறது. இங்கே மானின் சொல்லால் கட்டுப்படுபவர் இன்னொருவர். அதனால்தான் இனம் தடுக்கும்போது மான் தன் மானத்தை மட்டும் பேச முடிவதில்லை. தான் போகாவிட்டால் தனக்காக நிற்பவர் பொய்யராவார் என்பதே அதன் விடை. மாயமானால் தொடங்கும் துயரத்தைக் கம்பரில் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு, சொன்ன சொல்லுக்காகச் சாவை நோக்கி நடக்கும் மான் எப்படித் தோன்றியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

குறை இல்லாத படலம் என்று சொல்ல மாட்டேன். மானின் முறையீடு நீண்டுவிடுகிறது. காப்பிய மரபு கேட்கும் அணிகளை எல்லாம் கட்டுண்ட விலங்கின் வாயில் வைத்தால் அதன் மூச்சிரைப்பு நமக்குக் கேட்பதில்லை. பிற்காலத்தில் இஸ்லாத்தை ஏற்ற லபீத் (ரலி) தம் முஅல்லகாவில் பாடிய காட்டுப்பசுவை இதனோடு ஒப்பிட்டால் குறை விளங்கும். அதன் கன்றை ஓநாய்கள் தின்றுவிட்டன. மழையிரவில் ஒதுங்கி நின்று, நாட்கணக்கில் தேடி அலைந்து, நிறைந்திருந்த மடி வற்றிப்போகிறது. மனித அரவம் கேட்டு வெருண்டு, ஏவிவிடப்பட்ட நாய்களைக் கொம்பால் குத்திச் சாய்க்கிறது. அந்தப் பசு ஒரு சொல்லும் பேசவில்லை, நம்மை உலுக்குகிறது. ஸைத் (ரலி) அறிவிப்பில் மானின் மடியில் பால் இறுகியது என்ற ஒரு குறிப்புக்கு, சீறாவின் பல அணிகள் ஈடாகா. வேடனின் மனமாற்றமும் விரைந்து முடிந்துவிடுகிறது. வருமா என்று நகைத்தவன் காத்திருந்த அந்த நேரத்தில் என்ன எண்ணினான் என்பதற்கு இரண்டு பாட்டு இருந்திருக்கலாம். இதற்கு முந்திய 'உடும்பு பேசிய படல'த்தின் சாயலும் முடிவில் படிந்திருக்கிறது. விலங்கு பேசுவதும் மனிதன் பணிவதும் மீண்டும் வரும்போது வாசகனுக்கு இரண்டாவதன் கூர்மை மழுங்குகிறது.

1842இல் சீறா முதன்முதல் அச்சேறியதிலிருந்து இப்படலத்தைத் தமிழ் முஸ்லிம்கள் படித்தும் கேட்டும் வந்திருக்கிறார்கள். இன்றைய மாணவருக்கு மான் வேட்டை என்பது கேள்விப்பட்ட செய்தி மட்டுமே. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கிவிட்டது, அது சரியே. ஆனால் வேட்டை போனதோடு வேட்டையறிவும் போய்விட்டதால், வேடனின் சொற்கள் அவருக்கு வெறும் முரட்டுத்தனமாகக் கேட்கின்றன. அரபுக் கல்லூரிகளில் வேட்டையைப் பற்றிய பாடத்தை ஓர் ஆசிரியரும், சீறாவை, நடத்தினால், வேறோர் ஆசிரியரும் நடத்துகிறார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் ஒருவரே நடத்திப் பார்க்கலாம். அதிய்யு (ரலி) அவர்களின் கேள்விகளைப் படித்த மாணவன், வருமா என்று கேட்கும் வேடனைக் கண்டு சிரிக்க மாட்டான்.

பலவீனமான தொடர் என்று இப்படலத்தை விலக்குவோர் பார்வைக்கு ஒரு ஹதீஸை வைக்க வேண்டும். இமாம் மாலிக்கின் 'முவத்தா'விலும் நஸாயீயிலும் உள்ளது, தொடர் வலுவானது. அண்ணலாரும் தோழர்களும் இஹ்ராமுடன் மக்காவை நோக்கிச் செல்கின்றனர். ருவைஸாவுக்கும் அர்ஜுக்கும் இடையே உஸாயா என்னும் இடத்தில், நிழலில் ஒரு மான் உடலை வளைத்துப் படுத்திருக்கிறது. அதன் மேல் ஓர் அம்பு தைத்திருக்கிறது. எய்தவன் யாரென்று அறிவிப்பில் இல்லை. மான் பேசவில்லை. அண்ணலார் ஒருவரை அழைத்து, கூட்டம் முழுவதும் கடந்து செல்லும்வரை யாரும் அதைத் தொந்தரவு செய்யாதபடி அதனருகே நிற்கச் சொல்கின்றனர். அம்பை எடுத்தார்களா, எய்தவன் தேடி வந்தானா, மான் பிழைத்ததா என்பதையெல்லாம் அறிவிப்பாளர் சொல்லவில்லை. ஒரு மனிதர் மானின் பக்கத்தில் நின்றார், அணி அவரைக் கடந்து சென்றது என்பதோடு செய்தி முடிகிறது.